முன்னால் நிற்கிற கார்

லோரெட்டா ஜெலின்ஸ்கியிடம் வாயைக் கொடுத்துவிட்டு மீண்டவர்கள் பைன் ஹாலோவில் குறைவு. பால் லாரி ஓட்டுகிறவள். விடிவதற்கு முன்பே பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி, சீஸ் ஆலையில் இறக்கிவிட்டு வருவாள். பால் சரியாகக் குளிரவில்லை என்றால், பண்ணைக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவர் வாசலிலேயே நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் லாரியைக் கிளப்புவாள். அப்படிப்பட்டவள் போன கோடையில் பாதியிலிருந்து வெள்ளிக்கிழமை மாலைகளில் வாயே திறக்காமல் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்தாள் என்றால், மனசு எவ்வளவு நொந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் கார் பந்தயம். ஊருக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டி, முட்டை வடிவத்தில் ஒரு களிமண் தளம். பல பிரிவுகள் அதில் ஓடும். லோரெட்டா ஓட்டியது பழைய கார் பிரிவு. யாரோ வருஷக்கணக்காகச் சர்ச்சுக்கு ஓட்டிப் போய்க் கடைசியில் துருப்பிடிக்கப் போட்டுவிட்ட காரை எடுத்து, கண்ணாடியெல்லாம் கழற்றி, உள்ளே கம்பிக்கூண்டு பற்றவைத்து, கதவில் ஒரு எண்ணை எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். பண்ணையாளும் வெல்டரும் பள்ளிக்கூடத்துச் சமையல்காரரும் ஓட்டக்கூடிய பிரிவு அது ஒன்றுதான். ஒரு காலத்தில் இருபதுக்கு மேல் கார்கள் வரும். போன வருஷக் கடைசியில் ஏழு வந்தன.

ஏன் குறைந்தது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பெட்ரோல் விலை என்பார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கையில் கிரீஸ் பட்டால் ஆகாது என்பார்கள். எல்லாம் சும்மா. காரணம் மில்ட்.

மில்ட் தங்கமான மனிதர். வம்பே அதுதான். தளத்தில் கார்களைச் சோதிக்கிற பொறுப்பு அவருடையது. காரின் அடிச்சட்டம் ஒரு அளவுக்கு மேல் தரையை நெருங்கக்கூடாது என்பது சட்டம். தாழ்ந்த கார் வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு பறக்கும். அதைப் பார்க்க மில்ட்டிடம் ஒரு மரக்கட்டை இருந்தது. அடிச்சட்டத்துக்குக் கீழே அதைத் தள்ளினால் தட்டாமல் போய்வர வேண்டும். தட்டினால் கார் வெளியே. குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் ஒருவன் வந்து, "மில்ட், போன வாரம்தான் வீட்டுல குழந்தை பொறந்துச்சு, கார்ல கை வைக்கவே நேரமில்லே" என்பான். "சரிப்பா, இன்னிக்கு ஓட்டு. அடுத்த வாரம் சரி பண்ணிக்க" என்பார். இன்னொருவன், "நாளைக்குப் பக்கத்து கவுன்டியில ஓட்டணும், அங்கே கட்டை சின்னது, கார்பரேட்டர் பெருசு. வெள்ளிக்கு ஒரு மாதிரி சனிக்கு ஒரு மாதிரி எப்படி மாத்தறது?" என்பான். அதுவும் நியாயம்தானே? "இன்னிக்கு ஓட்டு, அடுத்த வாரம் சரி பண்ணிக்க." அந்த அடுத்த வாரம் வரவே வராது. எப்போதாவது யாராவது கூச்சல் போட்டால் மில்ட் பயந்துபோய், அந்த ஒரு மாலைக்கு மட்டும் சட்டத்தைக் கறாராகப் பிடிப்பார். அன்றைக்கு அகப்பட்டவன் தொலைந்தான்.

போன ஜூனில் அகப்பட்டவள் லோரெட்டா. எத்தனையோ வருஷமாக ஓட்டிக் கடைசி ஆளாகவோ, கடைசிக்கு முந்தின ஆளாகவோ வந்துகொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்தாள். கட்டம் போட்ட கொடியை ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். கணவன் நார்ப்போடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். படம் எடுத்த கையோடு காரைப் பரிசோதனைக் கொட்டகைக்குள் விட்டார்கள். கதவு மூடியது. திறந்தபோது மில்ட் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். கட்டை தட்டிவிட்டதாம்.

"அப்ப ரெண்டாவதா வந்த ரஸ்ஸோட கார்? அது என் காரைவிடத் தரையை நக்கிட்டுக் கெடக்குதே, அதை என்ன பண்ணப்போறே?"

"அவனுக்கு அடுத்த வாரம்னு சாயங்காலமே சொல்லிட்டேனே லோரெட்டா. வாக்குக் கொடுத்துட்டேன்."

கோப்பை ரஸ் ஹெம்கேவின் கைக்குப் போயிற்று. லோரெட்டா ஒன்றும் பேசவில்லை. அதைக் கண்டுதான் எல்லோரும் பயந்தார்கள். வீட்டுக்குப் போய்க் காரைக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாயைப் போட்டு மூடினாள். அடுத்த வாரம் அவளுக்காக இரண்டு பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வேறு இரண்டு பேர், அவரவர் வயிற்றெரிச்சலில் நின்றுவிட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். பந்தயத்தில் ஒருவன் கோபத்தைக் காட்டுகிற பெரிய வழி அதுதான்.

வசந்தத்தில் மில்ட் மகளோடு இருக்கலாம் என்று அரிசோனாவுக்குப் போய்விட்டார். பந்தயம் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மதுக்கடையில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்த லோரெட்டாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள் ஆர்லிஸ் டெட்ஸ்லாஃப். தளம் ஆர்லிஸ்ஸுடையது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கையில் எப்போதும் பிராந்தி கலந்த ஏதோ ஒன்று இருக்கும், ஆனால் கணக்கில் ஒரு பைசா தவறாது.

"மில்ட் போயிட்டாரு. கார் பாக்கறதுக்கு ஆள் வேணும்" என்றாள் ஆர்லிஸ்.

"இருக்கும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"நீ பாரேன்."

லோரெட்டா மீனைத் தட்டில் போட்டாள். "உங்களுக்கென்ன, சாயங்காலமே ஏறிடுச்சா? நான் அந்தக் கேட்டுக்குள்ள காலை வச்சா ஒவ்வொருத்தனையும் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுவேன்."

"தள்ளு. நானா வேணாம்கறேன்? ஒண்ணு மட்டும் கேட்டுக்க. ஏழு காருக்காக நான் விளக்குப் போட்டு வெச்சுக்கிட்டு உக்கார முடியாது. செப்டம்பர் கடைசி வெள்ளிக்குப் பத்து கார் பச்சைக் கொடிக்கு நிக்கணும். நின்னா அந்தப் பிரிவு அடுத்த வருஷமும் இருக்கும். இல்லேன்னா அந்த நேரத்தைச் சின்னக் காருங்களுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் உன் காருக்குக் கோழி அடைக்கிற வேலைதான்."

"கார் பாக்கறவ ஓட்டக்கூடாதே."

"ஓட்டக்கூடாது. அது நம்ம சட்டம். நீதான் இப்ப ஓட்டறதில்லையே?"

லோரெட்டா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நார்ப்பைப் பார்த்தாள். நார்ப்புக்கு ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று ரேஷன். அன்றைய பங்கில் மிச்சம் இருந்தது போலும். "செய்யி" என்றான்.

வீம்புக்குத்தான் ஒப்புக்கொண்டாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் மாலையே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. மில்ட்டின் இடத்தில் நின்று பார்க்காதவரை மில்ட்டைத் திட்டுவது சுலபம். வந்ததே ஏழு கார்கள். முதல் காரின் அடியில் கட்டை தட்டியது. ஓட்டுகிறவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "லோரெட்டா, மூணு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்" என்றான். அவனை அனுப்பிவிட்டால் ஆறு. இன்னொருவன் தட்டினால் ஐந்து. விட்டுவிட்டால் இன்றைக்கு ஏழு இருக்கும், அடுத்த மாதம் நாலாகும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்த வாக்கியம். 'சரிப்பா, இன்னிக்கு ஓட்டு.' அவளுக்கே தன்மேல் பயம் வந்தது.

"தட்டுது. வெளிய எடு" என்றாள்.

"உனக்கு என்னைப் புடிக்காது. கட்டையைச் சாய்ச்சுப் புடிச்சே. நான் பாத்தேன்."

அவ்வளவுதான், லோரெட்டாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கட்டையைத் தூக்கி வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றவன் காருக்குள் வீசினாள். அது அவன் மடியில் போய் விழுந்தது. "நான் சாய்ச்சுப் புடிக்கிறேனாம். நீ எறங்கி வாடா. இவனோட நீதானே ஓட்டப்போறே? இவன் தாழ்ந்து ஓட்டினா உன் கோப்பைதானே போகும்? நீயே பாரு!"

அவன் திருதிருவென்று விழித்துக்கொண்டு இறங்கினான். மண்டியிட்டான். கட்டையைத் தள்ளினான். நிமிர்ந்து பார்த்தான். சுற்றி ஐந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்ல வழியில்லை, சொல்லத் தேவையும் இல்லை. "தட்டுதுப்பா" என்றான். "ஆனா ரொம்பக் கொஞ்சம்தான். ஸ்பிரிங்குல ரப்பர் செருகினா ஏறிடும். எங்கிட்ட ரெண்டு இருக்கு."

அந்த வார்த்தையைக் கேட்டு லோரெட்டா அசந்துபோனாள். மில்ட்டின் காலத்தில் எல்லாமே மூடிய கொட்டகைக்குள், பந்தயம் முடிந்த பிறகு, சரிசெய்யவே முடியாத நேரத்தில் நடக்கும். வெட்டவெளியில், பந்தயத்துக்கு முன்னால், பின்னால் நிற்கிறவனே பார்த்தால் அவனே ரப்பரையும் கொடுக்கிறானே! அன்றிலிருந்து அதுதான் வழக்கமாயிற்று. கேட்டுக்கு வெளியே வரிசை நிற்கும். முன்னால் நிற்கிற காரைப் பின்னால் நிற்கிறவன் பார்ப்பான். வரிசையில் கடைசியாக நிற்கிறவன் காரை முதலில் நிற்கிறவன் வந்து பார்ப்பான். பந்தயம் முடிந்ததும் அதே ஆள் அதே காரை மறுபடி பார்ப்பான். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற கார்பரேட்டரின் வாய் பெரிதானால் கார் வேகமாகப் போகும் என்பதால், கட்டையோடு அதன் வாயை அளக்க ஒரு தகடும் வைத்தாள். லோரெட்டாவின் வேலை, நடுவில் நின்று யாரையும் விட்டுவிடாமல் இருப்பது. அந்த வேலைக்கு அவள் வாய் நன்றாகவே உதவியது.

சேதி பரவியது. ஜூலையில் எட்டு. ஆகஸ்டில் ஒரு வாரம் மழை, அதற்கடுத்து மறுபடி எட்டு. செப்டம்பர் முதல் வாரத்துத் தொழிலாளர் தின விடுமுறைக்குப் பிறகு ஒன்பது. சீஸ் ஆலையில் லாரியை நிறுத்தினால் ஆட்கள் வந்து, "என்ன லோரெட்டா, பத்து ஆயிடுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள், "உன் காரைக் கொண்டாடா, ஆயிடும்" என்பாள். கேட்டவன் சிரித்துக்கொண்டே நழுவுவான். ஒருமுறை சூடுபட்டவன் கை நீட்ட யோசிக்கத்தானே செய்வான்? அடுத்த வாரம் சட்டம் மாறாது என்று யார் கண்டது?

செப்டம்பர் கடைசி வெள்ளி வந்தது. மாலை வெயில் சோளக்காட்டின் மேல் பொன்னாகப் படர்ந்திருந்தது. கேட்டுக்கு வெளியே வரிசை. லோரெட்டா எண்ணிப் பார்த்தாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள். அப்போதும் ஒன்பது. அந்த நேரத்தில்தான் சாலைத் திருப்பத்தில் ஒரு இழுவை வண்டி தெரிந்தது. அதன்மேல் நீலக் கார். ரஸ் ஹெம்கே.

ரஸ் அந்த வருஷம் முழுக்க இந்தப் பக்கமே வரவில்லை. லோரெட்டா கார் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டதும், பழி தீர்த்துவிடுவாள் என்று பக்கத்து கவுன்டியிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது நாற்பது வயது ஆள், பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பையன் மாதிரி இறங்கி வந்தான்.

"பத்தாவது கார் இல்லேன்னு கேள்விப்பட்டேன். வந்துட்டேன்" என்றான். "அம்மணி கொஞ்சம் சிரிக்கலாம்ல?"

"மொதல்ல காரை வரிசையில நிறுத்து. அப்புறம் சிரிக்கிறேன்."

வரிசையின் முதல் ஆள், வெல்டர் ஒருவர், கடைசிக்கு வந்து ரஸ்ஸின் காரைப் பார்த்தார். கட்டை தட்டவில்லை. பானெட்டைத் தூக்கித் தகட்டை வைத்தார். முகம் மாறியது. "ரஸ், இது பெரிய கார்பரேட்டர்ப்பா. அங்க ஓட்டறது."

"தெரியும். மில்ட் போன வருஷமே ஓட்டிக்கச் சொல்லிட்டாரு."

"மில்ட் அரிசோனாவுல இருக்காரு" என்றாள் லோரெட்டா.

"சொன்னது சொன்னதுதானே? இதை மாத்தணும்னா அடியில இருக்கற குழாய்த் தொகுதியே மாத்தணும். பாதி நாள் வேலை. எங்கிட்ட அது கையிலயும் இல்லே." ரஸ்ஸின் குரல் இறங்கியது. "லோரெட்டா, நான் ஜெயிக்க வரலே. கடைசிலயே ஓட்டறேன். எண்ணிக்கைக்கு நிக்கறேன், போதுமா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். "இன்னிக்கு ஒரு நாள்தானே!" "அவன் கெடக்கறான், கடைசில ஓட்டட்டும், யாருக்கு நஷ்டம்?" "நாங்க யாருமே புகார் பண்ண மாட்டோம்!" சத்தம் கேட்டு ஆர்லிஸ்ஸும் கையில் பிராந்தி கிளாஸோடு வந்துவிட்டாள். நிலவரத்தைக் கேட்டாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் அந்தப் பக்கம் சோளம் எப்படி விளைஞ்சிருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்று முதுகைக் காட்டி நின்றாள்.

லோரெட்டாவின் கண்ணில் நீர் முட்டியது. ஆத்திரத்திலா அழுகையிலா என்று அவளுக்கே தெரியவில்லை. இந்தப் பத்துப் பேரும் நல்லவர்கள். மில்ட்டும் நல்லவர்தான். ஒவ்வொருவரும் இப்படி நல்லவராக இருந்து இருந்துதான் இருபது கார்கள் ஏழாயின. இதை இவர்களுக்கு எப்படிச் சொல்வது?

"ஆர்லிஸ், திரும்புங்க" என்றாள். "சோளத்தை அப்புறம் பாக்கலாம். ரஸ், உன் கார் ஓடாது."

"அப்ப இந்தப் பிரிவே போயிடும் லோரெட்டா!"

"போகட்டும். இன்னிக்கு உன்னை விட்டா, இங்க நிக்கிற ஒன்பது பேரும் மே மாசத்துலேருந்து ரப்பர் செருகிச் செருகிக் கஷ்டப்பட்டாங்களே, அவங்க முட்டாளாயிடுவாங்க. அடுத்த வருஷம் எவன் வருவான்? நானா இருந்தா வரமாட்டேன். வரலையே நான்!"

தூரத்தில் தண்ணீர் லாரி தளத்தை நனைத்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. நார்ப் மெதுவாக நகர்ந்து தன் வண்டிப் பக்கம் போனான்.

"எங்க போறே?" என்றாள் லோரெட்டா.

"வீட்டுக் கொட்டகைக்கு."

"எதுக்கு?"

"நம்ம கார்ல சின்னக் கார்பரேட்டர்தான்."

புரிந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது. லோரெட்டா ஓட்டப்போகிறாள் என்று ஒருவன் கத்தினான். "வாயை மூடுடா" என்றாள் அவள். "கார் பாக்கறவ ஓட்டக்கூடாது. அதுவும் சட்டம்தான்." திரும்பி ரஸ்ஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் போன ஜூன் முழுக்க இருந்தது. "உன் ஹெல்மெட் கொண்டாந்திருக்கியா?"

ரஸ்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. "நானா? உன் காரையா?"

"ஓட்டத் தெரியுமில்லே?"

வீடு பக்கம்தான். நார்ப் போன வேகத்தில் வந்தான். தார்ப்பாய் மூடிக் கிடந்ததில் எலி கூடு கட்டியிருந்தது. பேட்டரியை மாற்றி, பெட்ரோல் ஊற்றி, இரண்டு தடவை உறுமவிட்டதும் சிவப்புக் கார் இருமிக்கொண்டே எழுந்தது. ரஸ் அதை வரிசையின் கடைசிக்கு ஓட்டிவந்தான். வெல்டர் மறுபடி கட்டையோடு மண்டியிட்டார்.

ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றாள் லோரெட்டா.

அவர் எழுந்து அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். "தட்டுதும்மா. இடது பக்கம், முன்னால. ஒரு விரக்கடைகூட இல்லே."

"இருக்காது. நல்லாப் பாருங்க."

"நாலு தடவை பாத்துட்டேன்."

லோரெட்டா கட்டையைப் பிடுங்கிக்கொண்டு தானே தரையில் படுத்தாள். நல்ல சட்டை போட்டிருந்தாள், அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தள்ளினாள். தட்டியது. நேராகப் பிடித்துத் தள்ளினாள். தட்டியது. போன ஜூனிலிருந்து அந்தக் காரில் யாரும் கை வைக்கவில்லை. மில்ட் கட்டையைச் சாய்த்துப் பிடித்தார் என்றுதான் இத்தனை மாதமும் தூங்கப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். மில்ட் நேராகத்தான் பிடித்திருக்கிறார். கார் தாழ்ந்துதான் இருந்திருக்கிறது.

காருக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று ரஸ் குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"நார்ப்!" என்று கத்தினாள். "இது தாழ்ந்திருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொல்லணும்னுதான் நெனைச்சேன்" என்றான் நார்ப். அதற்குள் அவனுடைய ரேஷன் தீர்ந்துவிட்டது.

லோரெட்டா வெளியே வந்து முழங்காலில் உட்கார்ந்தாள். எல்லோரும் கூடிவிட்டார்கள். மறைக்க ஒன்றும் இல்லை, அவளுக்கு மறைக்கத் தெரியவும் தெரியாது. "என் கார் தட்டுது" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "அன்னிக்கும் தட்டியிருக்கு. கட்டை உண்மையைத்தான் சொல்லியிருக்கு. எனக்கு மட்டும் சொல்லிட்டு ரஸ்ஸுக்குச் சொல்லாம விட்டதுதான் அநியாயம். ரெண்டு பேரையும் வெளிய அனுப்பியிருந்தா அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டுட்டுத் தூங்கியிருப்பேன்."

ரஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "அந்தக் கோப்பை எங்க வீட்டுல பரண் மேல கெடக்கு" என்றான். "கீழ வைக்க எனக்கே மனசு வரலே. இன்னிக்கு வரும்போது எடுத்துட்டு வரலாமான்னு பாத்தேன். கூச்சமா இருந்துச்சு."

"அதை உருக்கிப் பல்லு கட்டிக்க. இப்ப ஜாக்கி எடு."

பந்தயத்துக்கு அழைக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. "லோரெட்டா, இது ரொம்பக் கொஞ்சம்தானே" என்று யாரோ ஒருவன் இழுத்தான். அவனை மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து அடக்கினார்கள். லோரெட்டா வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒருவன் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான், ஒருவன் ரப்பர் கொண்டுவந்தான், அது பொருந்தாமல் போக இன்னொருவன் வேறு கொண்டுவந்தான். வெல்டர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு திட்டிக்கொண்டே செருகினார். ஒலிபெருக்கியில் பழைய கார் பிரிவைக் கூப்பிட்டார்கள். ஆர்லிஸ் மேடையைப் பார்த்துக் கையை ஆட்டி, பொறு பொறு என்றாள். ஜாக்கியை இறக்கினார்கள். வெல்டர் கட்டையைத் தள்ளினார். அது போய் மறுபக்கம் வந்தது. இன்னொரு தடவை தள்ளினார். வந்தது.

"ஓடலாம்" என்றார்.

பத்துக் கார்கள் தளத்துக்குள் போயின. லோரெட்டா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் கார் ஓடுவதை வெளியிலிருந்து அவள் பார்த்ததே இல்லை. முதல் வளைவில் ரஸ் அகலமாகப் போய்ச் சுவரை உரசப் பார்த்தான். "உள்ளே வாடா, உள்ளே, அது பின்னால வால் ஆட்டும்!" என்று அவள் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்க முடியாது, ஆனால் அடுத்த சுற்றில் உள்ளே வந்தான். காருக்கும் அவனுக்கும் ஒத்துப்போக நேரம் பிடித்தது. பிறகு ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவதாக முடித்தான். ஜெயித்தவன் யார் என்பது கதைக்கு முக்கியமில்லை, ஆனால் அவனுக்கு முக்கியம் என்பதால் சொல்லிவிடுகிறேன். முதல் மாலையில் காருக்குள் கட்டை வந்து விழுந்ததே, அவன்தான்.

பந்தயம் முடிந்ததும் வேலிக்கதவைத் திறந்துவிடுவார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் தளத்துக்கு இறங்கி, கார்களுக்கு நடுவே புகுந்து வேடிக்கை பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். அன்றும் இறங்கினார்கள். முதல் மூன்று கார்களும் வெட்டவெளியில் நின்றிருந்தன. பந்தயத்துக்கு முன்னால் பார்த்த அதே ஆட்கள் அதே கார்களை மறுபடி பார்த்தார்கள். கூட்டம் குனிந்து வேடிக்கை பார்த்தது. மூன்றிலும் கட்டை தட்டாமல் போய்வந்தது. ஆர்லிஸ் லோரெட்டாவின் தோளில் கைபோட்டு, "அடுத்த வருஷமும் இருக்கு" என்றாள். "இன்னும் ஒரு மணி நேரம் விளக்கு எரியட்டும், காசு என்னுது."

லோரெட்டாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பத்து என்பது பத்துதானே. ஒருவன் வராமல் நின்றுவிட்டால் மறுபடி ஒன்பது. அதை நினைத்துக்கொண்டே கட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தபோது, பார்வையாளர் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் வழியை மறித்தார். வயிறு பெருத்த பண்ணைக்காரர். அவருடைய கார் இரண்டு வருஷமாகக் கொட்டகையில் கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். எந்த மனத்தாங்கலில் வராமல் நின்றுபோனார் என்பதும் தெரியும்.

"இதே கட்டைதானா, அடுத்த வருஷமும்?" என்று கேட்டார்.

"இதே கட்டைதான்."

"மே மாசத்துலயும்? ஜூலையிலயும்?"

"ஜூலையிலயும். உனக்கும் இதேதான், எனக்கும் இதேதான். என் காரையே தட்டிச்சு, பாத்தீல்ல?"

"பாத்தேன்" என்றார். "அதான் கேக்கறேன்."

கட்டையை அவளிடமிருந்து வாங்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டில் கிடக்கிற காருக்கு அளவெடுக்க ஒன்றும் கையில் இல்லை. சட்டைக் கையைச் சுருட்டி, கட்டையை மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி வைத்து, பையில் இருந்த பேனாவால் அது முடிகிற இடத்தில் தோலிலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னாலிருந்து, "எனக்கும் குடுப்பா" என்று ஒரு கை நீண்டது. அதற்கும் பின்னால் இன்னொரு கை. கையில் பொரித்த சீஸ் பொட்டலத்தை வைத்திருந்த ஒருவர் அதை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கினார். கட்டையும் பேனாவும் கை மாறி மாறிப் போயின. லோரெட்டா எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டாள், ஏனென்றால் கண் கலங்கிக் கைகள் ஒன்றோடொன்று குழம்பித் தெரிந்தன.

"அழிஞ்சுடாம பாத்துக்கங்கடா" என்றாள். "மே மாசம் வரைக்கும் யாரும் குளிக்கக்கூடாது."